பேசும்பட உலகில் ஒரு மௌனக் கலைஞர்

பேசாப்படக் காலத்து நகைச்சுவைக் கலைஞர்களை எண்ணும்போது சார்லி சாப்ளினின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். அவருக்கு இணையாக வைத்து மதிக்கப்படும் மற்றொருவர் பஸ்டர் கீட்டன். சாப்ளின் கண்ணாலும் புன்னகையாலும் பேசினார். கீட்டனோ முகத்தில் சிறு சலனமும் காட்டாமல், உடலின் அசைவால் மட்டுமே கதை சொன்னார். வீடு பெயர்ந்து தலைமேல் விழுந்தாலும், ஓடும் தொடர்வண்டியோடு பாலம் நொறுங்கினாலும் அந்த முகம் மாறுவதில்லை. 1920 முதல் 1928 வரை அவர் ஆக்கிய படங்களைத் திரைக்கலை பயில்வோர் இன்றும் விரும்பிப் பார்க்கின்றனர். அதற்குப் பின் அவர் 38 ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வாண்டுகளிலும் அவர் ஏறத்தாழ ஓய்வின்றி உழைத்துக்கொண்டே இருந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. சிறு படங்கள், பிறர் படங்களில் சில நிமிடக் காட்சிகள், விளம்பரங்கள், தொழிற்சாலைகளுக்கான படங்கள் என அந்த உழைப்பு சிதறிக் கிடக்கிறது.

மேடையில் வளர்ந்த பிள்ளை

1895ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிக்வா என்னும் சிற்றூரில் கீட்டன் பிறந்தார். ஜோசப் ஃபிராங்க் கீட்டன் என்பது இயற்பெயர். பெற்றோர் ஊர் ஊராகச் சென்று பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் நடித்துப் பிழைத்தவர்கள். நடக்கப் பழகிய சில ஆண்டுகளிலேயே மகனும் அவர்களோடு மேடையேறினான். அடங்காத பிள்ளையைத் தந்தை தூக்கி எறிவதே அவர்களுடைய நிகழ்ச்சி. எறிவதற்கு வசதியாகச் சிறுவனின் சட்டையில் ஒரு பெட்டிக் கைப்பிடி தைக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் நலச் சங்கத்தார் பலமுறை தடுக்க முயன்றனர். அடிபடாமல் விழும் கலையை அச்சிறுவன் அங்கேதான் கற்றான். விழுந்தபின் தான் சிரித்தால் அவையின் சிரிப்பு அடங்கிவிடுவதையும், தான் சிரிக்காதிருந்தால் அவை மேலும் சிரிப்பதையும் அவன் கண்டுகொண்டான். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற அந்தச் சலனமற்ற முகம், ஒரு சிறுவன் மேடையில் கற்ற தொழில் நுணுக்கமே.

1917இல் நியூயார்க்கில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படப்பிடிப்புக்குச் சென்ற கீட்டன், அன்றே நடிக்கவும் தொடங்கினார். நடிப்பைவிட அவரை ஈர்த்தது கேமரா. அதை இரவல் வாங்கிச் சென்று, பிரித்து, மீண்டும் பூட்டிப் பார்த்தார் என்பர். அடுத்த ஆண்டு முதல் உலகப்போர் அவரைப் படைவீரராகப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றது. திரும்பி வந்தபோது செவித்திறன் குறைந்திருந்தது.

1920 முதல் அவருக்கென்று ஒரு படக்கூடம் அமைந்தது. அங்கு முழுமையாக எழுதப்பட்ட திரைக்கதை என்று எதுவும் இருந்ததில்லை. கதையின் தொடக்கமும் முடிவும் அகப்பட்டதும் படப்பிடிப்பு தொடங்கிவிடும். இடைப்பகுதி தளத்திலேயே உருவாகும். 1924இல் வெளிவந்த ‘ஷெர்லாக் ஜூனியர்’ படப்பிடிப்பில் தொடர்வண்டி நிலையத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் வீழ்த்தியது. கழுத்தெலும்பு முறிந்திருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து எடுத்த ஊடுகதிர்ப் படமே காட்டியது. 1926இன் ‘தி ஜெனரல்’ படத்துக்காக ஓரிகான் மாநிலத்தில் மெய்யான நீராவி எஞ்சின் ஒன்றை எரியும் பாலத்தோடு ஆற்றில் வீழ்த்தினார். அந்தப் படம் போட்ட பணத்துக்கு ஏற்ற வருவாயைத் தரவில்லை. அதன் விளைவு விரைவிலேயே வந்தது.

கைமாறிய உரிமை

கீட்டன் பெயரில் படங்கள் வந்தனவே தவிர, அவற்றின் உரிமை அவரிடம் இல்லை. அது தயாரிப்பாளரும் அவருடைய உறவினருமான ஜோசப் ஷென்க்கின் நிறுவனத்திடம் இருந்தது. கணக்கு வழக்குகளில் கீட்டன் கருத்துச் செலுத்தியவர் அல்லர். 1928இல் ஷென்க் அந்தப் படக்கூடத்தை மூடி, கீட்டனை எம்.ஜி.எம். என்னும் பெருநிறுவனத்துக்கு மாற்றினார். சாப்ளினும் ஹெரால்டு லாயிடும் அங்குச் செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தினர். கீட்டன் அதைக் கேளாமல் கையெழுத்திட்டார். தம் வாழ்வில் செய்த பெரும்பிழை அதுவே என்று பின்னாளில் அவரே வருந்தினார்.

புதிய இடத்தில் வாரத்துக்கு 3,000 டாலர் ஊதியம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு காட்சியும் முன்கூட்டியே எழுதப்பட்டுப் பலருடைய ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அங்கு விதி. முதற்படமான ‘தி கேமராமேன்’ இத்தடைகளை மீறியும் சிறந்து விளங்கியது. பிறகு பேசும்படம் வந்தது. கீட்டனின் குரல் பேசும்படத்துக்கு ஒத்துவரவில்லை என்று கூறுவோர் உண்டு, அது சரியன்று. மேடையில் வளர்ந்த அவருக்குத் தெளிவான, கரகரப்பான குரல் இருந்தது. பிறர் எழுதிய சொற்சிலேடைகளை ஒப்பிக்கும் அசடனாக அவரை நிறுத்தியதே குறை. சில படங்களை ஒரே தளத்தில் ஆங்கிலத்தோடு ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் எடுத்தார்கள். அறியாத மொழிகளின் வசனங்களை அவர் ஒலியளவில் மனப்பாடம் செய்து பேசினார். வியப்பு என்னவெனில், அவர் வெறுத்த இப்படங்கள் நன்றாகவே ஓடின. அதனால் அவருடைய முறையீட்டுக்கு வலுவில்லாமற் போயிற்று.

மனம் நொந்த கீட்டன் மதுவை நாடினார். 1932இல் மணமுறிவு ஏற்பட்டது. இரு மகன்களின் பெயர்களிலிருந்தும் கீட்டன் என்னும் குடும்பப்பெயர் நீக்கப்பட்டது. படப்பிடிப்புக்கு வராத நாள்கள் பெருகின. 1933இல் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அப்போது அவருக்கு வயது 37.

சிறு படங்களின் காலம்

அடுத்த ஆண்டே அவர் பாரிசில் ஒரு பிரெஞ்சுப் படத்தில் நடித்தார். ‘சான்ஸ் எலிசேயின் அரசன்’ எனப் பொருள்படும் அப்படத்தின் இறுதியில் கீட்டன் வாய்விட்டுச் சிரிக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்துவந்த முகத்தை அவர் தளர்த்திய அக்காட்சியை அந்நாளில் அமெரிக்கர்கள் பார்க்கவில்லை. படம் அங்குத் திரையிடப்படவே இல்லை.

1934 முதல் 1937 வரை ‘எஜுகேஷனல்’ என்னும் சிறு நிறுவனத்துக்காக 16 குறும்படங்களில் நடித்தார். முதன்மைப் படத்துக்கு முன் காட்டப்படும் 20 நிமிடப் படங்கள் அவை. சில நாள்களில் எடுத்து முடிக்க வேண்டும். செலவுக்கும் பணம் இராது. 1935இல் குடிநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலைக்கும் அவர் தாழ்ந்தார். இருப்பினும் இப்படங்களை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. அவற்றுள் ஒன்றில் தாயையும் தந்தையையும் தங்கையையும் தம்மோடு நடிக்க வைத்தார். மீண்டெழுந்தபின் 1936இல் நடித்த ‘கிராண்ட் ஸ்லாம் ஆபரா’வில், வானொலித் திறன்போட்டிக்குச் செல்லும் ஒருவன் பந்துகளை எறிந்து பிடிக்கும் வித்தையைக் காட்டுகிறான். பார்க்க முடியாத வானொலி நேயர்களுக்கு வித்தை காட்டும் அந்த எண்ணம் பழைய கீட்டனுக்கே உரியது. பின்னர் 1939 முதல் 1941 வரை கொலம்பியா நிறுவனத்துக்காக நடித்த 10 குறும்படங்களில், பலமாக அடிப்பதும் விழுவதுமே நகைச்சுவை எனக் கருதப்பட்டன. அவற்றில் அவருக்கு மனநிறைவு இல்லை. 1946இல் மெக்சிகோவில் ஒரு படத்தில் நடித்தார். அதைக் கண்டவர் சிலரே.

பெயர் வராத உழைப்பு

தம்மை நீக்கிய எம்.ஜி.எம். நிறுவனத்துக்கே 1937இல் கீட்டன் திரும்பினார். இம்முறை நடிகராக அல்ல. பிறர் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகளை அமைத்துத் தருபவராக. ஊதியம் வாரத்துக்கு 100 டாலர். படத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இராது. அதே வளாகத்தில் ஒருகாலத்தில் முதல்நிலை நடிகராக உலவிய ஒருவருக்கு இது எளிதில் ஏற்கத்தக்க நிலை அன்று. ஆயினும் அவர் அங்கு ஒழுங்காக வேலைக்கு வந்தார். 1940இல், தம்மைவிட 23 ஆண்டுகள் இளையவரான எலினோர் நோரிஸ் என்னும் நடனக் கலைஞரை மணந்தார். நிலைக்காது என்று பலரும் கருதிய அந்த மணவாழ்வு இறுதிவரை நிலைத்தது. அவருடைய பிற்கால உழைப்பு ஒழுங்குபெற்றதற்கு எலினோரே பெரும் காரணம்.

இந்த மறைமுக உழைப்பின் இயல்பை அறிய ஒரு காட்சி போதும். 1948இல் ரெட் ஸ்கெல்டன் நடித்த ‘எ சதர்ன் யாங்கி’ என்னும் படம் அமெரிக்க உள்நாட்டுப் போரைக் களமாகக் கொண்டது. எதிரெதிரே சுடும் இரு படைகளுக்கிடையே நாயகன் நடந்து செல்ல வேண்டும். கீட்டன் அவனுடைய உடையின் ஒரு பாதியை வடபடையின் நீலத்திலும், மறுபாதியைத் தென்படையின் சாம்பல் நிறத்திலும் அமைக்கச் செய்தார். கையிலுள்ள கொடிக்கும் பக்கத்துக்கு ஒரு படையின் சின்னம். இருபுறத்தாரும் அவனைத் தம்மவன் என்றெண்ணிச் சுடுவதை நிறுத்தி ஆரவாரம் செய்கின்றனர். காற்று திசைமாறிக் கொடி புரளும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. ஒரு சொல்லும் தேவைப்படாத அக்காட்சிக்குக் கிடைத்த கைத்தட்டல் ஸ்கெல்டனுக்கே உரியதாயிற்று.

அடுத்த ஆண்டு ‘இன் தி குட் ஓல்டு சம்மர்டைம்’ என்னும் படத்தில், ஒருவர் தடுமாறி விழுந்து விலையுயர்ந்த வயலினை நொறுக்க வேண்டும். அது தற்செயலாக நிகழ்ந்தது போலவும் தோன்ற வேண்டும். அக்காட்சியை வகுத்துத் தரும்படி இயக்குநர் கீட்டனைக் கேட்டார். கீட்டன் விழுந்து காட்டினார். அவ்வாறு விழ வேறு எவராலும் முடியாது என்பது உடனே விளங்கிற்று. ஆகவே அந்த வேடம் அவருக்கே வழங்கப்பட்டது. விழும் கலை அவருக்கு இரண்டாம் முறையாக வாழ்வளித்தது.

மீண்டு வந்த படச்சுருள்கள்

1949இல் ‘லைஃப்’ இதழில் ஜேம்ஸ் ஏஜி எழுதிய நெடிய கட்டுரை, மறக்கப்பட்டிருந்த பேசாப்பட நகைச்சுவையாளர்களை மக்களுக்கு நினைவூட்டியது. அதன்பின் கீட்டனுக்கு அழைப்புகள் வரலாயின. 1950இன் ‘சன்செட் புலவார்டு’ படத்தில், மறைந்துபோன காலத்தின் நடிகர்கள் கூடிச் சீட்டாடும் ஒரு மேசையில் அவர் தம் பெயரிலேயே அமர்ந்திருக்கிறார். 1952இல் சாப்ளினின் ‘லைம்லைட்’ படத்தில் இருவரும் ஒரு மேடையில் தோன்றினர். சாப்ளின் வயலினோடு நிற்க, கீட்டன் பியானோவின் முன் அமர்ந்து, நில்லாமல் சரியும் இசைத்தாள்களோடு போராடுகிறார். இரு பெருங்கலைஞர்களும் இணைந்து நடித்த ஒரே படம் இது.

ஆனால் அவருடைய பழைய படங்கள் எங்கே இருந்தன? அக்காலப் படச்சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை. எளிதில் தீப்பற்றுவன, காற்றும் ஈரமும் பட்டால் பிசினாகவும் பொடியாகவும் சிதைபவை. பேசும்படம் வந்தபின் அவற்றைப் பேண வேண்டும் என்று நிறுவனங்கள் எண்ணவில்லை. கீட்டன் தம் செல்வக்காலத்தில் பெவர்லி ஹில்ஸில் கட்டிய மாளிகை, 1950களின் தொடக்கத்தில் நடிகர் ஜேம்ஸ் மேசனிடம் இருந்தது. அங்கே பூட்டிக் கிடந்த ஓர் அறையில் கீட்டனின் படச்சுருள்கள் அகப்பட்டன. சில ஏற்கெனவே சிதையத் தொடங்கியிருந்தன. 1954இல், திரையரங்கு ஒன்றை நடத்திவந்த ரேமண்ட் ரோஹாவர் என்பவர் கீட்டனைச் சந்தித்தார். இருவரும் கூட்டாளிகளாகி, கிடைத்த சுருள்களைப் பாதுகாப்பான படச்சுருளுக்கு மாற்றினர். எஞ்சியவற்றைத் தேடித் திரட்டினர். ரோஹாவரின் வணிகமுறை பற்றிக் கடுமையாகக் குறை கூறியோர் பலர். ஆயினும் கீட்டனின் படங்கள் இன்று நம் கண்ணுக்குக் கிட்டுவதில் அவருக்குள்ள பங்கை மறுக்க முடியாது.

இதற்கிடையே பாரிசின் மெத்ரானோ சர்க்கஸிலும், தொலைக்காட்சியிலும் கீட்டன் தோன்றினார். அவருடைய வாழ்க்கைக் கதைக்காகப் பாரமவுண்ட் நிறுவனம் 50,000 டாலர் அளித்தது. 1957இல் வெளிவந்த அந்தப் படத்தில் உண்மை குறைவு. ஆனால் அப்பணத்தில் வுட்லண்ட் ஹில்ஸ் என்னுமிடத்தில் தோட்டத்தோடு ஒரு வீடு வாங்க முடிந்தது. 1960இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. விருதுக்குப் பின்னும் எந்த வேலையையும் சிறிதென்று அவர் தள்ளவில்லை. வயிற்றெரிச்சல் மாத்திரைக்கான விளம்பரத்தில் நடித்தார். 1961இல் ‘ட்வைலைட் ஸோன்’ தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியில், 1890இலிருந்து எதிர்காலத்துக்கு வந்துவிடும் துப்புரவுப் பணியாளராகத் தோன்றினார். அதன் ஒரு பகுதி பேசாப்படம் போலவே எடுக்கப்பட்டது. 1963இல் கோடாக் நிறுவனத்தின் புதிய ஒளிப்படக் கருவியை அறிமுகப்படுத்தும் படத்திலும் அவரே நாயகன்.

இறுதி இரண்டு ஆண்டுகள்

1964ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க்கில் ஒரு விந்தையான படப்பிடிப்பு நடந்தது. அயர்லாந்தில் பிறந்த நாடக ஆசிரியர் சாமுவேல் பெக்கெட் எழுதிய ஒரே திரைப்படம் அது. ‘ஃபிலிம்’ என்பதே அதன் பெயர். பிறர் பார்வைக்கு அஞ்சி ஓடும் ஒருவன் ஓர் அறைக்குள் புகுந்து, கண்ணாடியை மூடி, கிளிக்கூண்டையும் மீன்தொட்டியையும் போர்த்தி, தன்னைக் காணக்கூடிய யாவற்றையும் அகற்ற முயல்கிறான். கேமரா அவன் முதுகுப்புறமாகவே தொடர்கிறது. முகத்தால் உலகப் புகழ்பெற்ற ஒருவர் படம் முடியும்வரை முகத்தைக் காட்டக்கூடாது என்பது நிபந்தனை. அக்கதை தமக்கு விளங்கவில்லை என்பதைக் கீட்டன் மறைக்கவில்லை. எனினும் கடும் வெயிலில், தடித்த மேலங்கியோடு, சொன்னபடியெல்லாம் சலிப்பின்றி நடித்தார். நாயை வெளியே விட்டால் பூனை உள்ளே வருவதும், பூனையை விட்டால் நாய் நுழைவதுமான ஒரு சிறு பகுதியில் மட்டும் பழைய கீட்டனைக் காணலாம்.

அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் கனடா சென்றார். அந்நாட்டின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக ஜெரால்டு பாட்டர்டன் இயக்கிய ‘தி ரயில்ராடர்’, சற்றேறக்குறைய 25 நிமிடம் ஓடும் வசனமற்ற படம். லண்டனில் ஒரு விளம்பரத்தைக் கண்டு தேம்ஸ் ஆற்றில் குதிக்கும் கிழவர், கனடாவின் கீழைக்கரையில் எழுகிறார். தண்டவாளப் பணியாளர்களின் சிறு மோட்டார் வண்டி ஒன்றில் ஏறி மேலைக்கரை வரை செல்கிறார். வழியில் வண்டியிலேயே தேநீர் அருந்துகிறார், துணி துவைக்கிறார், வேட்டையாட முனைகிறார். படப்பிடிப்பின்போது அவருக்கு 69 வயது நிறைந்தது.

அப்பயணத்தில் ஒரு பூசல் எழுந்தது. உயரமான பாலத்தின்மேல் வண்டி செல்லும்போது, விரித்த பெரிய நிலப்படம் காற்றில் தம்மைச் சுற்றிக்கொள்ள, எதையும் காணாமல் தாம் அதனோடு போராட வேண்டும் என்றார் கீட்டன். முதியவருக்கு இடர் நேருமோ என அஞ்சிய பாட்டர்டன், பாலத்தில் வேறு எளிய காட்சியை வைக்க எண்ணினார். கீட்டன் சினங்கொண்டார். இடர் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பாலம் எதற்காக இருக்கிறதோ அதற்கு அதைப் பயன்படுத்தாமல் விடுவதே அவருக்குப் பொறுக்கவில்லை. முடிவில் அவர் விரும்பியபடியே எடுத்தனர். படத்தில் இன்று பலரும் நினைவுகூர்வது அக்காட்சியையே. பயணம் முழுவதையும் உடனிருந்து பதிவு செய்த ‘பஸ்டர் கீட்டன் ரைட்ஸ் அகெய்ன்’ என்னும் ஆவணப்படத்தில் இந்த வாக்குவாதத்தையும், இடையிடையே அவரைப் பற்றிய இருமலையும், ஓய்வுநேரத்தில் அவர் சீட்டாடுவதையும் காணலாம். தம் தொழிலைப் பற்றி அவர் எவ்வாறு சிந்தித்தார் என்பதை அறிய இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1965 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் ‘ஃபிலிம்’ திரையிடப்பட்டது. கீட்டன் அரங்கில் தோன்றியதும் அவையோர் எழுந்து நின்று நெடுநேரம் கைத்தட்டினர். அவர் கண்கலங்கினார். பிறகு வேலைக்குத் திரும்பினார். ஸ்பெயினில் படமான ‘எ ஃபன்னி திங் ஹேப்பன்ட் ஆன் தி வே டு தி ஃபோரம்’ படத்தில், காணாமற்போன மக்களைத் தேடி உரோமின் ஏழு குன்றுகளையும் சுற்றி ஓடும் முதியவர் வேடம் அவருக்குக் கிடைத்தது. தம் படங்களில் மாற்றுக் கலைஞரை அவர் ஏற்றது மிக அரிது. 1927இன் ‘காலேஜ்’ படத்தில் கோலூன்றித் தாண்டும் காட்சிக்கு மட்டும் ஒலிம்பிக் வீரர் ஒருவரை அழைத்திருந்தார். இப்போது மூச்சுத் திணறியதால், ஓடும் காட்சிகள் சிலவற்றில் வேறொருவர் அவருக்காக ஓட வேண்டியதாயிற்று.

அந்த இலையுதிர் காலத்திலேயே கனடாவின் டொராண்டோ நகரில் இன்னொரு படமும் எடுக்கப்பட்டது. ‘தி ஸ்க்ரைப்’ என்னும் அது, கட்டடத் தொழிலாளரின் பாதுகாப்பை வலியுறுத்துவதற்காக ஒன்டாரியோவின் கட்டுமானப் பாதுகாப்புச் சங்கம் எடுத்த அரைமணி நேரப் படம். செய்தித்தாள் அலுவலகத்தைப் பெருக்கும் ஒருவர் செய்தியாளராக மாறி, பணியிடத்துக்குச் சென்று பாதுகாப்பு விதிகளை விளக்குகிறார். பாதுகாப்பு வலையின்றி உயரங்களிலிருந்து விழுந்தே பெயர்பெற்ற ஒருவர், தலைக்கவசம் அணியும்படி தொழிலாளர்களுக்கு எடுத்துரைத்தார்.

நுரையீரல் புற்றுநோய் முற்றியிருந்தது என்பதை வீட்டார் அவரிடம் கூறவில்லை. மார்புச்சளி என்றே அவர் எண்ணியிருந்தார். 1966 பிப்ரவரி 1ஆம் நாள் வுட்லண்ட் ஹில்ஸ் இல்லத்தில் அவர் மறைந்தார். அதற்கு முந்தைய நாள்வரை எழுந்து நடமாடினார், சீட்டும் ஆடினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் உரோமின் குன்றுகளைச் சுற்றும் முதியவரின் படம் திரையரங்குகளுக்கு வந்தபோது, மக்கள் அவரைக் கண்டு சிரித்தனர்.